பாலைவனத் தோட்டம் சொல்லும் பாடம்

அரபு மொழியில் ‘அய்ன்’ என்ற சொல்லுக்குக் கண் என்றும் நீரூற்று என்றும் பொருளுண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் உள்ள அல் அய்ன் நகரத்துக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. அபூதாபியிலிருந்து கிழக்கே சுமார் 160 கிலோமீற்றர் தூரத்தில், ஓமான் எல்லையோரம் அது அமைந்திருக்கிறது. மணல் வெளியைக் கடந்து வருபவருக்குப் பேரீச்சந் தோப்புகளின் பசுமை வியப்பூட்டும். இங்குள்ள சோலைகள் 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் மழைகூட ஒழுங்காகக் கிடைக்காத பூமியில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? மலையடிவாரத்து நிலத்தடி நீரை, சரிவைக் கணக்கிட்டு வெட்டிய சுரங்க வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு ‘பலஜ்’ என்று பெயர். இப்பகுதியிலுள்ள ஹீலியில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பலஜ் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேரம் அளந்தே நீர் விடப்பட்டது. பேரீச்சை மேலே நிழல் தர, அதன் கீழே எலுமிச்சை, அத்தி போன்றவை வளர்ந்தன. அவற்றின் அடியில் கீரையும் கால்நடைத் தீனியும் விளைந்தன. ஒரே நீர் மூன்று அடுக்குக்கும் பயன்பட்டது. ஆனால் நிலத்தடி நீர் தாழ்ந்துவிட்டதால், இன்று இவ்வாய்க்கால்களுக்கு இயந்திரத்தால் இறைத்த நீர் தேவைப்படுகிறது.

ஆகவேதான் எந்த மரத்தை நடுவது என்பது அங்கே பெரிய கேள்வியாகிவிட்டது. சோலைக்கு வெளியே மணலில் தானாக நிற்கும் ‘காஃப்’ மரத்தைப் பாருங்கள். நாம் வன்னி என்று அழைப்பதும் இதே மரம்தான். அதன் வேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிச் செல்லும். 2008இல் அது அந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அல்குர்ஆனில் கூறப்படும் ‘ஸித்ர்’ மரமும் அங்கே வளர்கிறது. அது நமது இலந்தையின் இனம்.

வறட்சியைத் தாங்கினால் மட்டும் போதுமா? போதாது. காஃபின் இனத்தைச் சேர்ந்த அமெரிக்கச் சீமைக் கருவேலை வளைகுடாவில் பசுமைக்காக நட்டார்கள். அது காட்டுத்தனமாகப் பரவி, நாட்டு மரங்களின் நீரையும் இடத்தையும் பறித்தது. நம் அம்பாந்தோட்டைப் பகுதியில் புந்தல பூங்காவையும் அதுவே ஆக்கிரமித்திருக்கிறது. வீதியோரத்தில் விரைவாக வளர்ந்து பச்சை காட்டும் ‘தமஸ்’ மரத்தின் வேர், நீர்க்குழாய்களுக்குள் புகுந்து சேதம் விளைவிக்கிறது.

மன்னார், புத்தளம் போன்ற வரண்ட பகுதிகளில் வாழும் சகோதரிகளுக்கும் இதில் படிப்பினை உண்டு. வளவில் நடுவதற்கு முன், அம்மரம் அந்த மண்ணுக்குப் பழக்கமானதா என்று விசாரியுங்கள். மாதுளை, மருதோன்றி, கற்றாழை, இலந்தை ஆகியவை குறைந்த நீரில் வாழ்பவை; பயனும் தருபவை. அதிக நீர் கேட்கும் செடிகளைக் கிணற்றருகே ஒன்றாக நடுங்கள். அவற்றை வளவெங்கும் சிதறவிடாதீர்கள். மாலையில் நீர் ஊற்றி, வேரடியைச் சருகால் மூடுங்கள். தினமும் சிறிது தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே வேரைக் கீழே இறங்கச் செய்யும். ஆனால் எவ்வளவு உறுதியான மரமும் கன்றாக இருக்கும்போது குழந்தைதான். வேரூன்றும் வரை முதல் ஓரிரு வருடங்கள் அதற்கு நீர் தந்தே ஆகவேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அது ஏறத்தாழ முக்கால் லீற்றர்தான். வணக்கத்துக்கே இந்த அளவென்றால், அழகுக்காக வளர்க்கும் புல்தரைக்கு நாம் எத்தனை வாளி ஊற்றலாம்? முஸ்லிம் நடும் மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி. அந்த ஸதகாவை அயலவரின் கிணறு வற்றாத வகையில் செய்வோமாக.