வண்டியை நிற்க வைத்தவர்கள்

அம்பாசடர் காரின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். பிறை வடிவில் இரண்டு ஷூ, அவற்றை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இவ்வளவுதான் நிறுத்துகிறது. எங்கள் வீட்டுப் பழைய அம்பாசடருக்குச் சிவகாசிப் பட்டறை ஒன்றில், ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங்கை அடித்து மறுபடி பூட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்சக்கரத்தில் இரண்டு சிலிண்டர், பின்சக்கரத்தில் ஒன்றே ஒன்று. பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, முன்னால மட்டும் ரெண்டு?"

"அப்பதான் தம்பி ரெண்டு ஷூவும் டிரம்மோட சேர்ந்து போய்க் கவ்வும். பின்னால ஒண்ணுதான் கவ்வும், இன்னொண்ணு சும்மா ஒரசும்."

ஒரு பாடப்புத்தகம் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. டிரம் சுழலும் திசையிலேயே விரிகிற ஷூவை உராய்வு இன்னும் உள்ளே இழுத்து டிரம்மோடு அழுத்துகிறது. மிதியில் நாம் கொடுக்கும் பலத்தோடு சக்கரத்தின் பலமும் சேர்ந்துகொள்கிறது. எதிர்த்திசையில் விரியும் ஷூவை அதே உராய்வு விலக்கித் தள்ளும். நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரத்தில் இரண்டு ஷூவையும் கவ்வ வைத்தார்கள். ஆனால் பின்னோக்கி வரும்போது அந்த இரண்டுமே பலம் இழந்துவிடும். பின்சக்கரத்தில் மட்டும், வண்டி எந்தப் பக்கம் உருண்டாலும் ஏதாவது ஒரு ஷூ கவ்வும். மேட்டில் நிறுத்தினாலும் பள்ளத்தில் நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக் பிடிப்பதற்கு அதுவே காரணம். இதையெல்லாம் யோசித்தவர்கள் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

டிரம்மின் தடம் பிரான்சுக்குப் போனது. 1902இல் லூயி ரெனோ இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார். அதற்குமுன் பிரேக் என்றால் பெரும்பாலும் சக்கரத்தின் மேல் வெளியிலிருந்து கட்டையை அழுத்துவதுதான். சேறும் மழையும் பட்டால் வழுக்கும். ரெனோ அதை மூடிய டிரம்முக்குள் கொண்டுபோய் வைத்தார். கம்பிகளுக்குப் பதிலாக எண்ணெய் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் முறைக்கு அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை வாங்கினார். நான்கு சக்கரத்துக்கும் அந்த பிரேக்கோடு 1921இல் டூசன்பெர்க் கார் வந்தது.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது லைனிங்கின் கதை. 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரை ஓட்டிப் போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின் மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். முதல் பிரேக் லைனிங் அதுதான் என்கிறார்கள். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட், மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் கட்டி வேகம் குறைப்பதைப் பார்த்து, உராய்வுப் பொருள் செய்வதையே தொழிலாக்கினார். 1897இல் அவர் தொடங்கியதுதான் ஃபெரோடோ நிறுவனம். உலகத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் பிரேக் லைனிங்குக்கும் இடம் உண்டு என்பேன். அதில் ஒரு செருப்புத் தொழிலாளிக்கும் பெயர் தெரியாத வண்டிக்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் வண்டியின் வழி வேறு. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடராக மறுபிறவி எடுத்தது. 2014 வரை அங்கே தயாரானது. தமிழ்நாட்டில் பிரேக் செய்யும் தொழில் சென்னைப் பாடியில் வேர்விட்டது. மதுரையின் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் சேர்ந்து 1962இல் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. லைனிங்குக்கென்றே 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது.

அந்த நிறுவனத்தின் ஆலைகளைத் தேடியபோது ஒரு முகவரி கிடைத்தது: டி.எஸ்.கே. புரம், முஷ்டக்குறிச்சி, காமராஜர் மாவட்டம். காரியாபட்டிப் பக்கத்து ஊர். பிரான்ஸ், அமெரிக்கா என்று தேடிக்கொண்டிருந்தவனுக்குச் சொந்த மாவட்டத்திலேயே விடை இருந்தது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த நம் மாவட்டத்துக்கு முதலில் காமராஜர் பெயர்தான். 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை அரசு எடுத்தபின் அது விருதுநகரானது. ஆலையின் முகவரி மட்டும் பழைய பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததை இங்கே சிறுபிள்ளையும் சொல்லும். முஷ்டக்குறிச்சியை யாரும் சொல்வதில்லை. இரண்டு தொழிலுக்கும் மூலதனம் உராய்வுதான். தீப்பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். உரசிய கணத்தில் பற்ற வேண்டும். லைனிங்கில் நாரும் உலோகத் தூளும் ரெசினும். எவ்வளவு உரசினாலும் பற்றக் கூடாது, பிடியும் விடக் கூடாது. கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் சூடேறி விரிந்து மிதி ஆழமாகப் போவதை அனுபவித்தவர்களுக்கு, அந்த இரண்டாவது வேலை எவ்வளவு கடினம் என்று தெரியும். பட்டாசால் அறியப்பட்ட மாவட்டம் இதற்காகவும் அறியப்பட வேண்டும் என்பது என் ஆசை.

தேடலில் கவலை தரும் ஒன்றும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி பிரேக் லைனிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்தான். சூடு தாங்கும், விலையும் குறைவு. அதன் நுண்ணிய நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தரும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் இப்போது கிடைக்கிறது. ஆனால் பழைய வண்டிகளின் டிரம்முக்குள் பழைய தூள் இன்னும் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதுவது நம் பட்டறைகளின் பழக்கம். எதிரே குனிந்து நிற்பது பெரும்பாலும் வேலை கற்கும் பையன். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். எங்கள் வண்டிக்கு லைனிங் அடித்த பட்டறையில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணாச்சியிடம் நான் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.