டேலிலிப் பாத்தி: அயோவா வசந்தத்தின் மண் குறிப்புகள்

மார்ச் 14

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் உள்ள ஷெனண்டோவா என்னும் சிற்றூர் விதை வணிகத்துக்குப் பெயர் பெற்றது; டேலிலி வளர்ப்போரின் சங்கமும் 1946-இல் இவ்வூரில்தான் உருவாயிற்று. ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் அம்மையார் வானொலியில் நடத்திய மலர்த்தோட்ட நிகழ்ச்சியைக் கேட்டுத் தமக்குள் கடிதம் எழுதிக்கொண்ட ஆர்வலர்களின் கூட்டமே, பின்னாளில் அமெரிக்க ஹெமரோகாலிஸ் சங்கமாக வளர்ந்தது. ஹெமரோகாலிஸ் என்பது டேலிலியின் பேரினப் பெயர். கிழக்காசியாவிலிருந்து வந்த இச்செடியின் மலர் ஒவ்வொன்றும் ஒரே நாளில் வாடிவிடுமாயினும், ஒரு பூத்தண்டில் பல மொட்டுகள் அடுத்தடுத்து அவிழ்வதால் பூக்காலம் வாரக்கணக்கில் நீள்கிறது.

மார்ச் நடுவில் குருத்துகள் மண்ணைக் கீறி எழத் தொடங்கினாலும், மேல்மண் பகலில் இளகி இரவில் மீண்டும் உறைவதால், பாத்தியைக் கிளறும் வேலைக்கு இன்னும் இடமில்லை. உறைவதும் இளகுவதும் மாறி மாறி நிகழும்போது மண் விரிந்து சுருங்கி, சென்ற இலையுதிர்காலத்தில் நட்டு இன்னும் நன்கு வேர்பிடிக்காத தூர்களை மேலே தள்ளிவிடுகிறது. அத்தகைய தூர்களைக் கையால் மெல்ல அழுத்தி மண் அணைப்பது ஒன்றே இந்நாளுக்குரிய பணி.

மார்ச் 28

பனிக்காலத்தில் காய்ந்து படிந்த பழைய இலைகளை அகற்றும் காலம் இது. இலைக்கோடு நோயை உண்டாக்கும் பூஞ்சை அச்சருகில் தங்கிப் புதுக்குருத்துக்குத் தாவுவதால், இத்துப்புரவு அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று.

மண் மாதிரி எடுப்பதும் இவ்வாரத்துக்கு உரியது. பாத்தியின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை சிறிது சிறிதாக மண் எடுத்து, துத்தநாகம் பூசிய வாளியால் முடிவு பிழைபடலாம் என்பதால் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு முடிவைப் படித்து விளக்கம் பெற, 1914-ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் அமைத்த வேளாண் விரிவாக்கப் பணி, அதாவது பல்கலைக்கழக ஆய்வறிவை உழவர்க்கும் வீட்டுத் தோட்டத்தார்க்கும் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு, மாநிலந்தோறும் இயங்கிவருகிறது.

ஏப்ரல் 9

ஆய்வு முடிவில் முதலில் பார்க்கத்தக்கது கார அமில நிலை. இதனை அளக்கும் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிடுகிறது. டேலிலி 6 முதல் 7 வரையுள்ள மண்ணில் நன்கு வளரும் என்றாலும், 6.0–6.5 என்னும் இளம் அமில நிலையையே வளர்ப்போர் பெரிதும் விரும்புகின்றனர். அமிலம் மிகுந்த மண்ணில் இடும் சுண்ணாம்பு முழுப்பயன் தரப் பல மாதங்கள் ஆகும். கார மண்ணில் இடும் கந்தகத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குவதும் மண் சூடேறிய பின்பே விரைவு பெறும். ஆகவே இவ்விரு திருத்தங்களையும் முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்குவது நல்லது. வசந்தத்தில் அவசரமாக இடும் சுண்ணாம்பு இவ்வாண்டுப் பூவுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

அடுத்துக் காணத்தக்கது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். பூக்கும் செடி என்றாலே எலும்புத்தூளை அள்ளிப் போடும் பழக்கத்தால் பழைய தோட்டங்கள் பலவற்றில் இச்சத்து தேவைக்கு மேல் தேங்கியிருக்கிறது. மிகுதியானால் செடி இரும்பும் துத்தநாகமும் எடுப்பது தடைப்படுவதோடு, மழைநீரில் அரித்துச் செல்லப்படும் மண்ணுடன் ஓடைகளையும் ஏரிகளையும் சேர்ந்து பாசியைப் பெருக்கவும் செய்கிறது.

ஏப்ரல் 17

புதிய பாத்தி தோண்டலாமா என்பதைக் கைப்பிடி மண்ணே சொல்லிவிடும்: பிடித்து இறுக்கிய உருண்டை விரலால் தொட்டதும் உதிர்ந்தால் பதம் சரி, உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. அயோவாவின் தென்மேற்குப் பகுதி மண் பெரும்பாலும் லோயஸ் வகையைச் சேர்ந்தது. பனியூழிக் காலத்தில் காற்று வாரிக் கொணர்ந்து படியவைத்த நுண்துகள் மண்ணே லோயஸ். அதன்மேல் பல்லாயிரம் ஆண்டுகள் வளர்ந்து மடிந்த புல்வெளியின் வேர்கள் சேர்த்த மட்கால் மேற்படலம் கறுத்து வளம் பெற்றுள்ளது. இத்தகைய நுண்மண்ணை ஈரத்தில் மிதித்தாலோ வெட்டினாலோ துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் அடைபட்டு, காய்ந்தபின் மண் கட்டிதட்டிப்போகும்; அந்தக் கேட்டை எந்த உரத்தாலும் அவ்வாண்டே சரிசெய்ய இயலாது.

பதம் வந்தபின் 20–30 செ.மீ. ஆழம் கொத்தி, 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு நன்கு மட்கிய கம்போஸ்ட் பரப்பிக் கலப்பது முறை. மட்காத மரத்தூளையும் மரச்சீவலையும் மண்ணுக்குள் புதைத்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் செடி வெளிறிப்போகிறது. பச்சைச் சாணத்தில் இக்குறை இல்லையாயினும், அதன் உப்பும் அமோனியாவும் இளவேரைக் கருக்கிவிடக்கூடும்.

ஏப்ரல் 26

அயோவா உழவர் மக்காச்சோளம் விதைக்க, 10 செ.மீ. ஆழத்தில் மண் 10 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்வரை காத்திருக்கின்றனர்; மண் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்படைவதும் ஏறத்தாழ அந்நிலையில்தான் என்பதால், டேலிலிக்கு உரமிடுவோருக்கும் அதே அளவுகோல் பொருந்தும். மில்வாக்கி நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரிக்கையில் கிடைக்கும் திடப்பொருளை உலர்த்தி 1926 முதல் விற்றுவரும் மில்ஆர்கனைட் போன்ற கரிம உரங்களில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகே வேர் எடுக்க முடியும்; குளிர்ந்த மண்ணில் இட்டால் அவை வெறுமனே கிடக்கும். கரையும் உரங்களோ, வேர் விழிக்குமுன் மழையோடு கீழிறங்கிவிடும்.

உரப்பையில் 5-10-10 என்று அச்சிட்டிருந்தால், 5 விழுக்காடு தழைச்சத்து, 10 விழுக்காடு பாஸ்பேட் கணக்கிலான மணிச்சத்து, 10 விழுக்காடு பொட்டாஷ் கணக்கிலான சாம்பல்சத்து என்பது பொருள். அவ்வுரத்தைச் சதுர மீட்டருக்கு 100 கிராம் இட்டால் 5 கிராம் தழைச்சத்து சேரும். கம்போஸ்ட் கலந்த பாத்திக்கு அதில் பாதியே போதும். மணிச்சத்து ஏற்கெனவே தேங்கிய மண்ணுக்கு நடு எண் சுழியமாக உள்ள உரமே ஏற்றது. இலையும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியில் படாமல், தூரைச் சுற்றி வளையமாகத் தூவி, மண்ணைக் கீறி நீர்விட வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை தழைத்துப் பூ குறைவதோடு, கழுத்தழுகலுக்கும் வழி திறக்கக்கூடும்.

மே 6

உறைபனி அச்சம் குறையும் இந்நாள்களில், நெருங்கிப் பூ குறைந்த தூர்களைத் தோண்டிப் பிரித்து நடலாம். குழியின் நடுவில் மண்ணைக் கூம்பாகக் குவித்து, சதைப்பற்றுள்ள வேர்களை அதன்மேல் விரித்து, கழுத்து 2.5 செ.மீ.க்கு மேல் புதையாதபடி மூடி, 45–60 செ.மீ. இடைவெளி விடுவது வழக்கம். குழிக்குள் வேதியுரம் இடுவது மட்டும் கூடாது.

மே 20

குதிரை மசால் தீவனக் குருணையை மேலுரமாக இடும் பழக்கம் டேலிலி வளர்ப்போரிடம் பரவலாக உண்டு. சுமார் 3 விழுக்காடு தழைச்சத்துள்ள அத்தீவனப் பயிரில் டிரையகோன்டனால் என்னும் வளர்ச்சியூக்கிப் பொருள் இருப்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்டனர். குருணை மட்கும்போது சூடேறுவதால் அதனை வேரருகே புதைக்காமல், மேலாகத் தூவி மண்ணோடு கலப்பதே முறை. மக்னீசியம் தரும் எப்சம் உப்பைப் பலர் வழக்கமாகவே தூவுகின்றனர். ஆய்வில் அச்சத்துக் குறை தெரிந்தாலன்றி அது வீண்செலவே. இறுதியாக, 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு இட்டால் கோடை ஈரம் காக்கப்படும். அதுவும் கழுத்தைத் தொடாமல் விலகியிருக்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரையுள்ள இப்பணிகளில் பணம் கேட்பவை மிகச் சில. மண்ணின் பதமும் வெப்பமும் கூடிவரும்வரை பொறுத்திருப்பதையே பெரும்பாலானவை கேட்கின்றன. ஆகவே டேலிலி வளர்க்க விரும்புவோர் உரக்கடைக்குச் செல்லுமுன் மண்ணை ஆய்வுக்கு அனுப்புவதும், நாள்காட்டியை நம்பாமல் மண்ணின் வெப்பத்தை அளந்து உரமிடுவதும், ஐயம் எழும்போது உரத்தைக் குறைத்து மட்கைக் கூட்டுவதும் நன்று.