நோயுற்ற மாணவனும் தேகப்பயிற்சியும்

நோயுற்றவனுக்கு ஓய்வே உற்ற துணை என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. காய்ச்சலுக்கும் அம்மைக்கும் அது பொருந்தும். ஆயின், ஆண்டுக்கணக்கிலே சிகிச்சை வேண்டி நிற்கும் புற்றுநோய்க்கும் அவ்விதியையே செலுத்துதல் தகுமோ என்பதை ஆராய்தல் ஆசிரியராகிய எமக்கும் கடனாகும்.

சிறுவரிடத்தே மிகுதியாகக் காணப்படுவது குருதிப் புற்றுநோய். அதன் முக்கியமான வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். அக்காலத்தில் வழங்கப்படும் வின்கிறிஸ்ரீன் என்னும் மருந்து கால் நரம்புகளைத் தாக்கவல்லது. அதனாற் சிலருக்குப் பாதத்தின் முற்பகுதி தொங்கி, கால் நிலத்திலே இழுபடும். உடன் கொடுக்கப்படும் ஸ்ரீரொயிட்டு மருந்துகள் தசையை மெலிவித்து எலும்பையும் நலிவிக்கும். இவற்றோடு நெடுநாட் படுக்கையும் சேருமாயின், நோய் நீங்கிய பின்னரும் தளர்ச்சி நீங்காது.

ஆதலினாலே, 2021ஆம் ஆண்டில் வெளியான சர்வதேச வழிகாட்டி, இந்நோயுற்ற இளையோர் சிகிச்சைக் காலத்திலும் இயன்றவாறு உடலை இயக்குதல் நன்றென வற்புறுத்துகின்றது. குதிகாலால் நடத்தல், நுனிக்காலில் நிற்றல், கையூன்றாது நாற்காலியினின்றும் எழுதல், படியேறுதல் என்பன எளியனவாயினும் பயன் பெரிது. எனினும், காய்ச்சல் கண்ட நாளிற் பயிற்சி ஆகாது. குருதிச்சிறுதட்டுக்கள் மிகக் குறைந்திருக்கையில் மோதி விளையாடுதலும் ஆகாது. சிறு அடியும் பெருங் குருதிப்பெருக்காய் முடியலாம். எனவே வைத்தியரின் அனுமதியும் இயன்மருத்துவரின் கண்காணிப்பும் இன்றியமையாதன.

மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களை வகுத்த வள்ளுவர், நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுவோனையும் சேர்த்து எண்ணினார். பாடசாலைக்கு மீளும் பிள்ளைக்கு அந்த நான்காம் உறுப்பாக அமையவேண்டியவர் யாவர்?

சில ஆண்டுகளுக்கு முன், மகரகமவிலே சிகிச்சை பெற்று மீண்ட மாணவன் ஒருவன் நாம் கற்பித்த வகுப்பிலே சேர்ந்தான். வீட்டாரின் அச்சங் காரணமாகத் தேகப்பயிற்சி வேளைகளில் வேப்பமர நிழலே அவனுக்கு இடமாயிற்று. ஒருநாள் எம்மிடம் வந்து, "சேர், நான் ஓடக் கேட்கவில்லை, வரிசையில் நிற்கத்தான் கேட்கிறேன்" என்றான். நோயினும் தனிமையே அவனை வருத்திற்று என்பதை அச்சொல் உணர்த்தியது. தந்தையாரை அழைத்துப் பேசினோம். வைத்தியரின் கடிதம் வந்தது. தேகப்பயிற்சி ஆசிரியர் அதன்படியே அளந்து நடத்தினார். முதலில் மைதானத்தின் ஒரு பக்கம், பின்னர் அரைச் சுற்று, அப்பால் முழுச் சுற்று. களைத்த நாளில் நிறுத்துதலும் பயிற்சியின் பகுதியே என்று அவனுக்குக் கற்பிக்கப்பட்டது. உடன் நடந்தவன் ஒரு வகுப்புத் தோழன். அடுத்த ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டியின் அணிநடையிலே கடைசி வரிசையில் அவன் நடந்தான். பரிசேதும் பெற்றிலன், ஆயினும் அவன் தாயார் கண்ணீர் உகுத்ததைக் கண்டோம்.

2011ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரை அன்பர்கள் நடந்து நிதி திரட்டினர். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அதன் பயனாகும். அவர்கள் நோயாளருக்காக நடந்தார்கள். நோயாளரோடு நடத்தல் பாடசாலையின் பங்கு. யூபிலி கொண்டாடும் இக்கல்லூரியின் மைதானத்திலே எந்தப் பிள்ளைக்கும் மரநிழல் மட்டுமே இடமாகாதிருத்தல் வேண்டும். பழைய மாணவராய வைத்தியர்கள் இதற்கு வழிகாட்டுவார்களாக.