தலைப்பாகைக்குள் யார்?

நெப்போலியன் காலத்துப் போர்வீரர்களின் உடைகளைப் பற்றிப் படிக்குந்தோறும் ஒரு விந்தை எனக்குப் புலப்படும். பகைவன் கண்ணில் படாமல் பதுங்கிச் சுடவேண்டிய இலகு காலாட்படையினருக்கு உடையே ஒரு கேடயம். 1800-இல் இங்கிலாந்து திரட்டிய ரைபிள் படை, வழக்கமான செந்நிற அங்கியை விடுத்துக் கரும்பச்சையை மேற்கொண்டது இதனாற்றான். அதே காலத்துப் பிரெஞ்சுச் சேனையிலோ, கண்டவர் கண் கூசவேண்டும் என்றே உடுத்துவிக்கப்பட்ட ஓர் இலகு குதிரைப்படை இருந்தது. அதன் பெயர் மம்லூக்குகள்.

அப்பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சு ஐன் ஜாலூத் களத்துக்குப் பறந்துவிடும். 1260-இல் மங்கோலியரைத் தடுத்து நிறுத்தியவர்களின் வழிவந்தோரா நெப்போலியனுக்கு ஏவல் செய்தனர் என்று மனம் துணுக்குறும். உண்மை வேறு. 1798-இல் எகிப்தின்மீது படையெடுத்த பிரெஞ்சுக்காரர் 1801-இல் வெளியேறியபோது, அவர்களோடு கப்பலேறியவர்கள் பல இனத்தவர். சிரியர், கோப்டியர், கிரேக்கர், ஆர்மீனியர், ஜார்ஜியர் எனக் கிறிஸ்தவர்களே அவர்களுட் பலர். நெப்போலியனின் நிழலாகத் திரிந்த ருஸ்தமும் ஆர்மீனியப் பெற்றோருக்குப் பிறந்தவர்தாம். இத்தகையோருக்கு வெள்ளைத் தலைப்பாகையும், தொளதொளத்த செந்நிறக் காற்சட்டையும், வளைந்த வாளும் தந்து காவற்படையில் சேர்த்தனர். பின்னர் ஆள் குறைந்தபோது பிரெஞ்சுக்காரரே அந்த உடைக்குள் புகுந்தனர்! உடை மட்டும் மாறவில்லை.

அதை உலகம் நம்பிவிட்டது. 1808 மே 2-ஆம் நாள் மாட்ரிட் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்கள்மீது ஏவப்பட்ட படைகளுள் மம்லூக்குகளும் இருந்தனர். 1814-இல் கோயா அதனை ஓவியமாக்கினார். வெண்புரவியிலிருந்து சரிந்து விழும் செந்நிறக் காற்சட்டைக்காரனை ஒருவன் கத்தியாற் குத்துகிறான். வண்ணமும் வேகமும் மலைக்க வைக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் படத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல். ஏவியவன் பிரெஞ்சுத் தளபதி. ஏவப்பட்டவருட் பலர் சிலுவை வணங்கியவர்கள். பார்ப்பவர் மனத்தில் பதிவதோ, கொடுமை செய்யவந்த தலைப்பாகைதான். அந்தலூஸை இழந்த வரலாறு அறிந்தவர்க்கு இந்த உறுத்தல் புரியும்.

படையோடு வந்தவர்களின் குடும்பங்களும் எகிப்திய அகதிகளும் மார்செய் நகரில் குடியேறியிருந்தனர். 1815 ஜூனில் வாட்டர்லூத் தோல்விச் செய்தி அங்கு எட்டியதும், மன்னர் ஆதரவுக் கும்பல் அவர்களைத் தேடிச்சென்று தாக்கியது. பலர் மாண்டனர், பெண்களும் தப்பவில்லை. போர்க்களத்தையே காணாதவர்களும், அந்தச் சீருடையை ஒருநாளும் உடுத்தாதவர்களும் அன்று மம்லூக்குகள் எனப்பட்டனர்.