காளானுக்கு ஒரு முகவரி

ஸ்காட்லாந்து நாட்டில் டே ஆற்றங்கரையில் டன்கெல்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்த இன்வர் என்னும் ஊரில் 1839ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லஸ் மெக்கின்டாஷ். மரம் அறுக்கும் ஆலையில் பணிபுரிந்தபோது நேர்ந்த விபத்தில் அவர் தம் இடக்கை விரல்களை இழந்தார். பின்னர் அஞ்சற்காரராகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தே கடிதங்களைச் சேர்ப்பித்து வந்தார். செல்லும் வழியெங்கும் காடு. பாசியும் பெரணியும் காளானும் அவர்தம் கூரிய பார்வைக்குத் தப்பவில்லை. கல்லூரி வாயிலை மிதியாத அவர் கண்டெடுத்த காளான்களுள், பிரிட்டனில் அதற்குமுன் எவரும் அறிந்திராத இனங்களும் இருந்தன.

முகவரி இல்லாத கடிதம் உரியவரைச் சென்று சேராது என்பதனை அஞ்சற்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. காளானுக்கும் முகவரி வேண்டும். ஏன்? நாம் காளான் என்று பறிப்பது, கனி போன்றதோர் உறுப்பே. உயிரின் பெரும்பகுதி மண்ணுள் மெல்லிய இழைகளாய்ப் பரந்து கிடக்கும். காட்டுக் காளான்கள் பலவற்றின் இழைகள் மரங்களின் வேர்நுனிகளைத் தழுவி நிற்கும். அவை நீரையும் உப்புச் சத்துகளையும் மரத்திற்கு ஊட்டும். மரமோ தன் இலைகள் ஆக்கிய சர்க்கரையை அவற்றிற்கு ஈயும். ஈரமும் வெப்பமும் ஒத்து வருங்கால் குடை மேலெழும். சில நாள்களில் அழுகி மறையும். ஓராண்டு தோன்றியது பல ஆண்டுகள் தோன்றாமலும் போகலாம். கண்டவர் எழுதி வையாவிடின், அஃது அங்கு இருந்தமைக்கே சான்று இல்லையாம்.

1892ஆம் ஆண்டு, ஓய்வு பெற்றிருந்த மெக்கின்டாஷைப் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் இலண்டன் மங்கை சந்தித்தார். காளான்களை வண்ணத்தில் தீட்டுவதில் அவருக்குப் பேரார்வம். குடையின் அடியிலுள்ள மடிப்புகளையும் வெட்டுமுகத்தையும் தனித்தனியே வரையுமாறு முதியவர் அறிவுறுத்தினார். அவர் புதிய காளான்களை அஞ்சலில் இலண்டனுக்கு அனுப்புவார். பாட்டர் தாம் தீட்டிய ஓவியத்தின் படியொன்றை அவருக்கு அனுப்புவார். ஓய்வு பெற்ற பின்னரும் அவர் அஞ்சலுக்கு வேலை வைத்தார் போலும்!

மறு ஆண்டு பாட்டர் குடும்பத்தார் டன்கெல்டில் ஈஸ்ட்வுட் என்னும் இல்லத்தில் தங்கினர். செப்டம்பர் 3ஆம் நாள் அவர் அரியதொரு காளானை வரைந்தார். கரிய செதில்கள் கம்பளிபோல் மூடிய குடை. அறுத்தால் வெண்சதை சிவந்து, பின் கறுக்கும். ஆங்கிலேயர் இதனைக் ‘காட்டுக் கிழவர்’ என்பர். மறுநாள் அவர் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் பீட்டர் என்னும் முயலின் கதையைப் படங்களுடன் எழுதியனுப்பினார். அம்முயலை உலகம் அறியும். கிழவரை அறிந்தார் சிலரே. ஆயினும் இன்ன ஊர், இன்ன நாள் என்னும் குறிப்பு இருந்தமையால், நூற்றாண்டு கடந்தும் அவ்வோவியம் அழகுப் பொருளாக மட்டும் நில்லாது, சான்றாகவும் நிற்கின்றது. அவர் தீட்டிய 59 காளான் ஓவியங்கள், 1967ஆம் ஆண்டு ஃபிண்ட்லே என்னும் அறிஞரின் காளான் நூலில் இடம்பெற்றன.

‘காட்டில் கண்டேன்’ என்று எழுதினால் அது குறிப்பாகாது. எந்தக் காடு, எம்மரத்தடி, எந்நாள், கண்டவர் யார் என்பன வேண்டும். பெயரில் ஐயம் இருப்பின் ஐயம் என்றே எழுதுதல் வேண்டும். துணிந்து எழுதிய தவறான பெயர், எழுதாமையினும் தீங்கானது. இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தில் உலர்த்திய காளான் மாதிரிகள் 12 இலட்சத்திற்கும் மேல் காக்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டு அத்தோட்டத்தார் அரிய இனங்கள் நூற்றைத் தேடும் பணியைத் தொடங்கியபோது, பழைய குறிப்புகளைக் கையிற் கொண்டு காடுகளுக்குச் சென்றவருள் பலர் ஊதியம் பெறாத ஆர்வலரே. முன்பு அறியப்படாத இடங்களிலும் சில இனங்கள் அகப்பட்டன.

மெக்கின்டாஷ் 1922ஆம் ஆண்டு மறைந்தார். பாட்டர் அவருக்கு அளித்த ஓவியங்கள் பெர்த் நகர அருங்காட்சியகத்தில் உள்ளன.