கொடி ஏறாத கம்பி

மார்கழி அடைமழை விட்டுக் கொஞ்ச நாள் வெயில் பட்டால் போதும், படுவான்கரைப் பற்றைகளில் முளைக்கிற கொடி யானை வேலியின் கீழ்க்கம்பியைப் பிடித்துவிடும். வெல்லாவெளிக்கு மேற்கே, வட்டை என்கிற வயல்வெளியும் காடும் ஒன்றையொன்று தொடுகிற இடங்களில் மின்வேலி காக்கிற இளைஞர்களின் முதல் எதிரி இந்தக் கொடிதான். யானை அதற்குப் பிறகு.

அந்தப் பொடியன்களோடு வேலிப் பாதை வெட்டப் போனேன். வேளாண்மை குடலைப் பருவம் தாண்டிக் கதிர் தள்ளியிருந்த காலம். ஆளுக்கொரு காட்டுக்கத்தி, ஒரு கவைக்கம்பு. ஒருவன் தோளில் அலவாங்கு. இன்னொருவன் பையில் குறடும் கம்பிச் சுருளும் இன்சுலேட்டர்களும். 2020இல் அரசு தொடங்கிய ஒரு இலட்சம் வேலைவாய்ப்புத் திட்டத்தில், பல்நோக்கு அபிவிருத்திச் செயலணிக்கு எடுக்கப்பட்டு இந்த வேலைக்கு வந்தவர்கள் சிலர். மற்றவர்கள் கமக்கார அமைப்பு அனுப்பிய ஊர்ப் பிள்ளைகள். வேலிப் பாதையில் இறங்கியபின் யார் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முன்னால் போகிறவன் வெட்டுவதில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே போவான். சாணம் ஈரமா காய்ந்ததா, அதில் நெல் உமி கிடக்கிறதா, அடித்தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கிறதா, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. அவன் கையை உயர்த்தினால் எல்லாக் கத்தியும் நிற்கும். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், வேலிக்கு உட்புறம் ஒருவன், வெளிப்புறம் ஒருவன். கவைக்கம்பால் முட்பற்றையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் கத்தி போடுவார்கள். சூரை முள்ளைக் கையால் தொடுகிறவன் இந்த வேலையில் நீடிக்க மாட்டான். வெட்டியதை மற்றவர்கள் கம்பிக்கு எட்டாத தூரம் இழுத்துப் போடுகிறார்கள். வெட்டிய இடத்திலேயே விட்டால் காற்று அதைத் தூக்கித் திரும்பக் கம்பியில் சாத்திவிடும்.

வேலை தொடங்குமுன் மெசினை நிறுத்தினார்கள். சூரிய ஒளியில் சார்ஜ் ஏறும் 12 வோல்ட் பற்றரி ஒன்று, அதிலிருந்து மின்னைப் பன்மடங்கு உயர்த்திக் கம்பிக்கு அனுப்புகிற ஒரு பெட்டி, இவ்வளவுதான் மெசின். கம்பியில் 5,000 வோல்ட்டுக்கு மேல் நின்றால்தான் யானை மதிக்கும். ஆனால் அது இடைவிடாமல் ஓடுகிற மின்சாரமல்ல. ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு துடிப்பு, அதுவும் கண் இமைக்கும் நேரத்தில் மிகச் சிறிய பங்கு. அடிக்கும், வலிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்கு இழுத்துக் கட்டுகிற களவு வேலியை இதோடு சேர்த்துப் பேசக்கூடாது. அது யானையையும் கொல்லும், விடியற்காலையில் வரப்பில் நடக்கும் மனிதனையும் கொல்லும்.

“கொடி முட்டினா கரண்ட் அது வழியா நிலத்துக்குப் போயிரும் அண்ணன். பச்சைப் புல்லு, பச்சை இலை, எல்லாம் குடிக்கும். ஒரு கட்டை தூரத்துல நூறு கொடி முட்டினா மறுகா ஆனைக்கு மிச்சமே வராது” என்றான் குழுவின் மூத்தவன். அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

மழைக்காலத்தில் ஈரநிலம் மின்னை நன்றாகக் கடத்துவதால் யானைக்கு அடி பலமாகக் கிடைக்க வேண்டும். அந்த நேரம்தான் செடிகொடியும் மண்டிக் கம்பியின் பலத்தை உறிஞ்சுகிறது. கோடையில் செடி காய்ந்து ஒதுங்கும். ஆனால் நிலமும் காய்ந்துவிடுவதால் மின்சாரம் யானையின் உடல்வழி இறங்கி மெசினுக்குச் சரியாகத் திரும்பாது. அதனால் ஏர்த் கம்பி அடித்த இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மாரியில் கத்தி, கோடையில் குடம் என்று வருடம் முழுவதும் வேலை இருக்கிறது. பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், பல்லி புகுந்து சுடுபடும், இடி விழுந்தால் பெட்டியே போய்விடும். கம்பி கட்டி முடித்த நாளில் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை.

யானையும் கற்றுக்கொள்கிறது. துதிக்கை நுனியில் அடிபட்டபின் அது துதிக்கையால் கம்பியைத் தொடுவதில்லை. அடிபடாமல் தூணை உதைத்துச் சாய்க்கும். பக்கத்து மரத்தைத் தள்ளிக் கம்பியின் மேல் விழுத்தும். கொம்பன் என்றால் கொம்பால் கம்பியைத் தூக்கி அறுக்கும், கொம்பில் மின் ஏறாது. நாங்கள் போன பாதையில் இரண்டு முதிரைக் கட்டைகள் அடியோடு முறிந்து கிடந்தன. கூட்டத்தை விட்டுத் தனியே திரிகிற ஒரு தனியனின் வேலை என்றார்கள். அலவாங்கால் புதுக்குழி தோண்டி, தூணை நட்டு, தூணிலிருந்து வெளிப்பக்கமாக நீளும் கம்பிகளையும் கட்டினார்கள், மறுமுறை காலைத் தூக்கினால் அடி வாங்கட்டும் என்று.

மெசினைத் திரும்பப் போட்டதும் மூத்தவன் ஒரு நீளப் பச்சைப்புல்லைப் பிடுங்கி என் கையில் தந்தான். “நுனியைக் கம்பியில வையுங்க, மறுகா மெல்ல மெல்லக் கிட்ட கொண்டு போங்க.” புல் குறையக் குறைய விரலில் துடிப்பு ஏறியது. முழங்கை வரை வந்தபோது விட்டுவிட்டேன். மீற்றர் வேறொரு குழுவிடம் இருந்த நாள் அது. ஆனால் புல்லாலேயே அவர்கள் கம்பியின் நிலைமையைச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஊர்களுக்கு யானை எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வியைத் திருப்பித்தான் போட வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு தென்மேற்கே பெருங்காடு வயலாயிற்று. இன்றும் இலக்கத்தால் அழைக்கப்படும் 37, 38, 39, 40 ஆம் கிராமங்கள் அந்தக் காலத்துக் குடியேற்றங்கள். கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் வந்தது. பிறகு போர். 2007இல் படுவான்கரை மக்கள் ஊர் ஊராக வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஓடினார்கள். ஆளில்லாத வட்டையில் பற்றை ஏறியது, பற்றையில் யானை நின்றது. மக்கள் திரும்பி வந்து கலப்பை பூட்டியபோது, அந்த நிலத்தில் வளர்ந்த யானைக் கன்றுகளுக்கு அதுவே பிறந்த இடம்.

2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். துப்பாக்கி, களவு மின்சாரம், பூசணிக்காய்க்குள் வைக்கிற வாய்வெடி. வாய்வெடி கடித்த யானை தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகும். அதைப் பார்த்த ஒருவன் இந்தக் குழுவில் இருந்தான். அதைப் பற்றி அவன் அதிகம் பேசவில்லை, நானும் தோண்டவில்லை.

நாட்டில் 4,000 கிலோமீற்றருக்கு மேல் மின்வேலி கட்டியாகிவிட்டது. அப்படியும் சாவு குறையவில்லை. காரணம் காட்டில் நடக்கிறவனுக்குத் தெரிகிறது: பெரும்பாலான வேலி, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலம் எங்கே முடிகிறது, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டில் ஓடுகிறது. இரு பக்கமும் காடு, இரு பக்கமும் யானை. யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகிறது. அதில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் வாழ்கிறார்கள். எல்லா யானையையும் ஒரு பூங்காவுக்குள் விரட்டி அடைப்பது நடக்காத காரியம். அவர் தலைமையிலான குழு 2020இல் கொடுத்த தேசிய செயற்றிட்டம் வேலியைக் காட்டைச் சுற்றாமல் ஊரைச் சுற்றிக் கட்டச் சொன்னது. வயலுக்கு, விதைப்போடு கட்டி அறுவடையோடு கழற்றுகிற பருவ வேலி. வெட்டு முடிந்தபின் தாளடியை யானை வந்து மேய்ந்து போகட்டும்.

நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஊர் வேலியை ஊரான் தினமும் பார்ப்பான். நடுக்காட்டு வேலியைப் பார்க்க ஆள் போவதற்கே அரை நாள் செல்லும். கிலோமீற்றர் கணக்கில் வேலி அறிவிக்கிறவர்கள், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எத்தனை கத்தி, எத்தனை பேரின் சம்பளம், காப்புறுதி, சப்பாத்து என்பதையும் அதே மேடையில் அறிவிக்க வேண்டும். தனியன் நிற்கிற காட்டுக்குள் செருப்போடு போகிற பிள்ளைகளை நான் பார்த்தேன்.

மத்தியானம், வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை பிளேன்ரீயும் சர்க்கரைத் துண்டும் கொண்டுவந்தார். கழற்றுகிற வேலி அவருக்குப் பிடிக்கவில்லை. “கழட்டின கம்பிய ஆர் வெச்சிருக்கிற? மெசின் ஆர்ட ஊட்டுல கிடக்கும்? அடுத்த போகம் திரும்பிக் கட்ட எத்தினை பேர் வருவானுகள்?” என்று கேட்டார்.

“நாங்க வாறம் பெரியய்யா” என்றான் மூத்தவன். “எங்கட வேலை அது வரைக்கும் இருக்குமெண்டு எழுதித் தரச் சொல்லுங்க.”

அவர் கூட்டத்தில் கேட்கிறேன் என்றார். வெட்ட வேண்டிய பாதை இன்னும் குளக்கட்டு வரை கிடந்தது. இன்சுலேட்டர் போதாது என்று ஒருவன் எண்ணிச் சொன்னான். உடைந்த தூண்களிலிருந்து நல்லதாகக் கிடந்தவற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.