படக்கலையின் முதற்பாடங்கள்

திருவண்ணாமலையினின்று வடக்கே வேலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை ஒட்டியே அமைந்தது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் ஏரியும் உடைய ஊர் அது. ஏரிப்பக்கம் நின்று தென்மேற்கே நோக்கினால் அண்ணாமலை கண்முன் எழுந்து நிற்கும். மாலை வேளைகளில் அங்கே கைப்பேசியை உயர்த்திப் பிடித்து மலையைப் படமெடுக்கும் இளைஞர் உண்டு. அவருள் சிலருக்கேனும், தாமும் ஒருநாள் திரைப்படம் எடுக்க வேண்டும் என்னும் அவா உள்ளத்தே இருக்கும். அவ்வவாவை எள்ளி நகையாடுதல் தகாது. தச்சும் நெசவும் போல அதுவும் கைப்பழக்கத்தால் வரும் தொழிலே.

மாலையில் எடுத்த படத்தைத் திறந்து பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். மரமும் பாறையும் தெரியாத கரிய மேடாக மலை பதிந்திருக்கும். கருவியின் குறை என்று கருதி, விலை மிகுந்த வேறொன்றை வாங்கத் தந்தையாரை நச்சரிப்போரும் உளர். பாவம், அத்தந்தையார்! கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கும்போது ஒளி படமெடுப்பவர் முகத்தில் விழுகின்றது. மலையின் இப்புறம் நிழலில் ஆழ்கின்றது. அதே இடத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால், கீழ்த்திசை ஒளி முதுகுப்புறமிருந்து சென்று மலைமேல் படியும். பாறையின் மடிப்புகள் தனித்தனியே துலங்கும். கரிய உருவமே வேண்டும் என்று மாலையைத் தேர்ந்தெடுப்பவனும் உண்டு. அவன் அறிந்து எடுக்கின்றான். ஆதலின் பயில்வோன் முதற்கண் செய்யத்தக்கது, காலை, நண்பகல், மாலை என்னும் மூன்று பொழுதும் ஓரிடத்தே நின்று ஒளி விழும் திசையைக் குறித்துக்கொள்வதாகும். இதற்குக் கருவியும் வேண்டா.

இவ்வொளிப் பாடத்தைத் தென்னாட்டில் தம் கையாலேயே கற்றுக்கொண்ட முன்னோடி ஒருவர், மேற்சொன்ன நெடுஞ்சாலை சென்று சேரும் வேலூரில் 1885-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் வண்டி வாணிகம் செய்து வந்த அவருக்கு, தாதாசாகேப் பால்கேயின் படங்கள் ஊக்கம் அளித்தன. பால்கே 'ராஜா அரிச்சந்திரா' என்னும் படத்தைப் பம்பாயில் வெளியிட்டது 1913-ஆம் ஆண்டில். அந்நாளில் சென்னையில் இத்தொழிலைக் கற்பிக்கும் பள்ளி ஏதும் இல்லை. திரைத்தொழிற் பயிற்சிக்கெனக் கல்விக்கூடம் அங்கே ஏற்பட்டது 1945-இல்தான். எனவே முதலியார் பூனாவுக்குச் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் படக்கருவியை இயக்கும் முறையைக் கற்றார். பின்னர்ச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் 'இந்தியா பிலிம் கம்பெனி'யை நிறுவி, 'கீசக வதம்' என்னும் மௌனப்படத்தை எடுத்தார். தென்னாட்டின் முதற் கதைப்படம் எனப்படும் அது வெளிவந்த ஆண்டை 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் பலவாறு கூறுவர்.

முதலியாருக்கு ஒளி தந்தவன் கதிரவனே. உச்சி வெயில் நேரே விழுந்தால் நடிகர் கண்குழிகளில் கருநிழல் தேங்கும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். முதலியார் தம் படக்களத்திற்குக் கூரையாக மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். துணியின் வழியே வடிந்து வந்த ஒளி மென்மையுற்று எங்கும் பரவியது. ஒரு வேட்டியும் நான்கு கழிகளும் இருப்பின், வேங்கிக்காலில் எந்த வீட்டு முற்றத்திலும் இதனைச் செய்து பார்க்கலாம். துணிக்கு வெளியே ஒருவரை நிறுத்தி ஒரு முறையும், துணியின்கீழ் நிறுத்தி ஒரு முறையும் படமெடுத்து ஒப்பிட்டால், வேறுபாடு சிறுவர்க்கும் புலனாகும்.

அக்காலப் படக்கருவி கையால் சுழற்றப்படுவது. ஒரு விநாடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டுப் படம், ஆக விநாடிக்குப் பதினாறு படம் என்பது பொது வழக்கு. கை விரைந்தால் திரையில் நடிகர் மந்தமாக நகர்வர். கை தளர்ந்தால் துள்ளி ஓடுவர். படச்சுருளிலும் ஓர் அடிக்குப் பதினாறு படங்களே அடங்கும். ஆகவே ஒவ்வொரு விநாடியும் ஓர் அடிச் சுருளை விழுங்கிற்று. 'கீசக வதம்' ஏறத்தாழ 6,000 அடி நீளமுடையது. அவ்வேகத்தில் ஓட்டினால் 100 நிமிடம். அதற்கு ஆன செலவு 35,000 ரூபாய் என்பர். சுருளைக் கழுவவோ, குளிர்ந்த பெங்களூருக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. எடுத்தது நன்றா தீதா என்பது படப்பிடிப்பு நடந்த அன்றே தெரியாது.

இந்நிலையில் நடிகரைப் பழக்காமல் கருவியைச் சுழற்றுவது பேதைமை அன்றோ? நாடகக் கலையில் தேர்ந்த வழக்கறிஞர் ரங்கவடிவேலு என்பார் நடிகருக்கு வழிகாட்டினார். ஒத்திகை முடிந்த பின்னரே படப்பிடிப்பு. இன்றைய கைப்பேசியிலோ எடுப்பதற்குக் காசில்லை, அழிப்பதற்கும் காசில்லை. அதனாலேயே தொடக்கநிலையினர் எண்ணாமல் எடுத்துக் குவிக்கின்றனர். ஏரியில் வலை வீசும் ஒருவரைப் பற்றிய சிறு படத்திற்குப் பத்தே காட்சித்துண்டுகள் எனத் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டு, அவற்றைத் தாளில் எழுதி, கருவியை அசையாமல் ஊன்றி, ஒவ்வொன்றையும் பத்து எண்ணும் வரை எடுப்பார்களாயின், எதை விடுவது என்னும் அரிய கேள்வி அவர்களுக்கு எழும். அக்கேள்வி எழாதவரை கருவி மட்டுமே வேலை செய்கின்றது.

உருசிய நாட்டுப் புரட்சிக்குப் பின் மாஸ்கோவில் படச்சுருளுக்குப் பெரும் பஞ்சம் நேர்ந்தது. அங்கே லேவ் குலேஷோவ் என்னும் ஆசிரியர், சுருளே இல்லாமல் படமெடுக்கும் பயிற்சியைத் தம் மாணவருக்கு அளித்தார். காட்சிகளைத் துண்டு துண்டாக அமைத்து மேடையில் நடித்துக் காட்டினர். துண்டுகளை அடுக்கும் முறையால் பொருள் வேறுபடும் என்பதை அவர் வலியுறுத்தினார். வலை வீசும் கை, அடுத்து நீர், அடுத்துக் குழந்தையின் முகம் என அடுக்கினால் ஒரு கதை. குழந்தையின் முகத்தை முன்னே வைத்தால் வேறு கதை.

மௌனப்படக் காலத்தில் இல்லாத இடர் ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் பேச்சை மூடிவிடும். ஒலிவாங்கியைப் பேசுபவரின் அருகே வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை.

எடுத்ததைக் காப்பது இறுதி வேலை. பலரும் இதனை வேலையாகவே கருதுவதில்லை. தீவிபத்து ஒன்றை அடுத்து, 1923-ஆம் ஆண்டில் முதலியார் படத்தொழிலை விட்டு விலகினார். அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது; எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானே சிதையும். பழம்படங்களைக் காக்க அரசு பூனாவில் ஆவணக் காப்பகம் நிறுவியது 1964-ஆம் ஆண்டில். அதற்குள் மௌனப்படங்களுள் பெரும்பாலானவை அழிந்திருந்தன. இன்று ஒரு படத்தை மூன்று இடங்களில் படியெடுத்து வைக்க ஒரு நாழிகை போதும். 'கீசக வதம்' படத்தின் ஒரு படியும் எஞ்சவில்லை. கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தனர் என்பதை ஏட்டில் படிக்கலாம். அவ்வெள்ளைத் துணியின்கீழ் அவர்கள் எவ்வாறு நடந்தனர், எவ்வாறு நோக்கினர் என்பதைக் காண இயலாது.